கருப்பைவாய்ப் புற்றுநோய்: நுண்துளை அறுவை இன்று எங்கே நிற்கிறது?

2017 ஜூன் மாதம் ஒரு பன்னாட்டு மருத்துவ ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் தலைமையில் 33 மருத்துவமனைகளில் நடந்துவந்த ஆய்வு அது. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும், சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையையும் அது ஒப்பிட்டது. 740 பெண்களைச் சேர்ப்பதாகத் திட்டம். 631 பேர் சேர்ந்திருந்த நிலையில், பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்துவிட்டு, இனி யாரையும் சேர்க்க வேண்டாம் என்றது. ஒரு பக்கத்தில் சாவு கூடுதலாக இருந்தது. அது எல்லோரும் நவீனம் என்று நம்பிய நுண்துளை அறுவையின் பக்கம்.

அந்த முடிவு மகளிர் புற்றுநோய் மருத்துவத்தை உலுக்கியது. அதற்குள் அமெரிக்காவில் இந்த நோய்க்கான அறுவைகளில் ஏறக்குறையப் பாதி நுண்துளை வழியே நடக்கத் தொடங்கியிருந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அதே போக்குதான். சின்னத் தழும்பு, குறைந்த ரத்த இழப்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்ற மூன்று நன்மைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. நோய் திரும்ப வருமா என்ற நான்காவது கேள்விக்கு முறையான பதில் இல்லாமலேயே அந்த முறை பரவியிருந்தது. அந்தக் கேள்விக்கு இன்று என்ன பதில், எதுவரை பதில், எங்கே இன்னும் பதில் இல்லை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நோயும் அறுவையும்

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குள் நீளும் இடம்தான் கருப்பைவாய். அங்கே வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும் மூலகாரணம் எச்பிவி என்ற வைரஸ். அதன் வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீத நேர்வுகளுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி ஓராண்டில் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 1,27,000 புதிய நோயாளிகள். ஏறக்குறைய 80,000 மரணங்கள்.

கட்டி கருப்பைவாயைத் தாண்டாமல் சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவை செய்து குணமாக்கலாம். கதிர்வீச்சாலும் குணமாக்கலாம். இத்தாலியில் ஃபாபியோ லாந்தோனி குழுவினர் 343 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் 83 சதவீதம். ஆனாலும் இளம் பெண்களுக்கு அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. சினைப்பைகளைக் காப்பாற்றலாம், யோனி சுருங்கிப்போவதைத் தவிர்க்கலாம், நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை வெட்டியெடுத்த திசுவிலேயே பார்த்துவிடலாம் என்பவை காரணங்கள்.

இங்கே செய்யப்படுவது உதிரப்போக்குக்கோ நார்க்கட்டிக்கோ செய்யும் வழக்கமான கருப்பை நீக்கம் அன்று. கருப்பையோடு அதன் இருபுறமும் உள்ள இணைப்புத் திசு, யோனியின் மேற்பகுதி, இடுப்பின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் எடுக்கும் விரிவான கருப்பை நீக்கம் இது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், கருப்பைக்குப் போகும் தமனிக்கு அடியில் நுழைந்து செல்லும் குறுகலான இடத்தில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. மகளிர் அறுவைகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று இதைச் சொல்வது மிகையல்ல.

வியன்னாவிலிருந்து ரோபோ வரை

இந்த அறுவையின் வரலாறு வியன்னாவில் வேர்கொண்டது. 1898 நவம்பரில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் வயிற்றைத் திறந்து செய்யும் விரிவான கருப்பை நீக்கத்தை அங்கே தொடங்கினார். அவருக்கு மூத்தவரான ஃப்ரீட்ரிஷ் ஷௌட்டா 1901இல் அதே நோக்கத்தை யோனி வழியே நிறைவேற்றினார். ஒருவர் மேலிருந்து, மற்றவர் கீழிருந்து என்று இரண்டு பள்ளிகள் உருவாயின. தொடக்க காலத்தில் வெர்ட்ஹைமின் அறுவையில் அறுவை மேசையிலும் அதன் பின்னும் பலர் இறந்தார்கள். கதிர்வீச்சு வந்ததும் அறுவை பின்தங்கியது. ஜப்பானின் கியோட்டோவில் ஒகாபயாஷி 1921இல் அதை மேலும் விரிவாக்கி எழுதினார். பாஸ்டனில் ஜோ மெய்க்ஸ் 1944இல் இடுப்பு நிணநீர்க் கணுக்களை நீக்குவதையும் சேர்த்து அதற்கு மறுவாழ்வு தந்தார். மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுதல், ஆன்டிபயாடிக் மூன்றும் வந்த பிறகு அது பாதுகாப்பான அறுவையாயிற்று.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி 1980களின் இறுதியில் மகளிர் மருத்துவத்தில் வேகம்பிடித்தது. 1988இல் அமெரிக்காவின் ஹாரி ரைக் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியே கருப்பையை நீக்கினார். 1992இல் கம்ரான் நெஜாத் குழுவினர் விரிவான கருப்பை நீக்கத்தையே அந்த வழியில் செய்ததாக அறிவித்தார்கள். இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. புனேயைச் சேர்ந்த சைலேஷ் புந்தாம்பேகர் குழுவினர் 248 பெண்களுக்குச் செய்த அனுபவத்தை 2007இல் வெளியிட்டபோது, ‘புனே முறை’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. 2005இல் டாவின்சி ரோபோவை மகளிர் அறுவைகளுக்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கையால் லேப்ராஸ்கோப்பிக் கருவியைப் பிடிக்கும் சிரமம் ரோபோவில் குறைந்ததால், கடினமான இந்த அறுவையும் பலருக்குக் கைகூடியது.

அந்தக் காலத்து ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டியவை. ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனை நாட்கள் குறைவு, நோய் மீள்வது ஏறக்குறையச் சமம் என்று அவை சொல்லின. வேறு புற்றுநோய்களிலும் நல்ல சான்று வந்திருந்தது. பெருங்குடல் புற்றுநோயில் லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவைக்குச் சமம் என்று 2004இல் பெரிய ஆய்வு காட்டியது. கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயிலும் அப்படியே. ஆஸ்திரேலியா தலைமையிலான லேஸ் ஆய்வில் 760 பெண்களில், நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 81.3 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 81.6 சதவீதம். அப்படியென்றால் கருப்பைவாய்க்கும் அதுவே பொருந்தும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

2018: எல்ஏசிசி ஆய்வின் தீர்ப்பு

சோதித்துப் பார்க்க முன்வந்தவர்கள் ஹூஸ்டனின் பெட்ரோ ராமிரெஸும் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரியாஸ் ஓபர்மெய்ரும். இருவருமே நுண்துளை அறுவையில் தேர்ந்தவர்கள். அது சமம் என்று நிரூபிக்கவே, முதலில் சொன்ன அந்த எல்ஏசிசி ஆய்வை 2008இல் தொடங்கினார்கள். ஆய்வுச் செலவில் ஒரு பங்கைத் தந்தது மெட்ரானிக் என்ற அறுவைக் கருவி நிறுவனம். எனவே நுண்துளை அறுவையின் எதிரிகள் கட்டிய வழக்கு இது என்று யாரும் சொல்ல முடியாது.

யாருக்கு எந்த அறுவை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்வு செய்யவில்லை. குலுக்கல் முறையில் அமைந்தது. 319 பேர் நுண்துளைப் பக்கம், 312 பேர் திறந்த அறுவைப் பக்கம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அன்றைய வகைப்பாட்டின்படி 1பி1 நிலை, அதாவது கருப்பைவாய்க்குள்ளேயே அடங்கிய, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாத கட்டி. நுண்துளைப் பக்கத்தில் 84.4 சதவீதம் லேப்ராஸ்கோப்பி, 15.6 சதவீதம் ரோபோ. பங்கேற்ற மருத்துவமனைகள் குறைந்தது பத்து அறுவைகளின் விவரங்களையும், வெட்டாத ஒட்டாத இரண்டு காணொளிகளையும் கொடுத்துத் தகுதி காட்ட வேண்டியிருந்தது.

2018 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் அறிவித்து, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட முடிவு இது: நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் நுண்துளைப் பக்கம் 86.0 சதவீதம், திறந்த அறுவையில் 96.5 சதவீதம். மூன்றாண்டில் உயிரோடிருந்தவர்கள் முறையே 93.8, 99.0 சதவீதம். நோய் மீண்டவர்கள் 27 பேருக்கு எதிராக 7 பேர். இறந்தவர்கள் 19 பேருக்கு எதிராக 3 பேர்.

மரண அபாயம் ஆறு மடங்கு என்று அன்று தலைப்புச் செய்தியானது. எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த ஆறு மடங்கு என்ற அளவு மிகவும் ஊசலாடக்கூடியது. நீண்ட காலம் கண்காணித்த பிறகு 2024இல் வெளியான இறுதிக் கணக்கில் மரண அபாயம் 2.71 மடங்காக இறங்கியது. ஆனால் திசை மாறவில்லை. நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் 85.0 சதவீதமும் 96.0 சதவீதமும், உயிரோடிருந்தவர்கள் 90.6 சதவீதமும் 96.2 சதவீதமும். நுண்துளை அறுவை செய்துகொண்ட நூறு பெண்களில் பதினொருவர், மற்ற வழியில் செய்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய மீட்சியையோ மரணத்தையோ சந்தித்தார்கள் என்பதே இதன் பொருள். குணமாகக்கூடிய நிலையில் வந்த பெண்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது.

அதே இதழில் அலெக்சாண்டர் மெலமெட் குழுவினரின் இன்னொரு ஆய்வும் வந்தது. 2010 முதல் 2013 வரை அமெரிக்காவில் அறுவை செய்துகொண்ட 2,461 பெண்களின் தேசியப் பதிவேட்டை அவர்கள் ஆராய்ந்தார்கள். நான்காண்டு மரண விகிதம் நுண்துளையில் 9.1 சதவீதம், திறந்த அறுவையில் 5.3 சதவீதம். அவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். நுண்துளை முறை பரவத் தொடங்கிய 2006க்கு முன்பு அமெரிக்காவில் இந்த அறுவைக்குப் பிந்தைய உயிர்பிழைப்பு விகிதம் நிலையாக இருந்தது. அதன் பிறகு ஆண்டுக்கு 0.8 சதவீதம் வீதம் குறையத் தொடங்கியது. தனி மருத்துவமனையின் சிறிய பதிவேட்டில் தெரியாத சரிவு நாட்டின் மொத்தக் கணக்கில் தெரிந்தது.

2020இல் 15 ஆய்வுகளையும் 9,499 பெண்களையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் அதையே உறுதிசெய்தது. நோய் மீள்வதோ இறப்பதோ 71 சதவீதம் கூடுதல். மரண அபாயம் மட்டும் 56 சதவீதம் கூடுதல்.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. உயிர் விஷயத்தில் விலை கொடுத்தாலும் வாழ்க்கைத் தரத்தில் நுண்துளை மேலானது அல்லவா என்று கேட்டவர்களுக்கு, எல்ஏசிசி ஆய்வின் துணைக் கட்டுரைகள் பதில் சொல்லின. அறுவைக்குப் பிந்தைய வாரங்களிலும் மாதங்களிலும் இரு பக்கப் பெண்களின் வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவைச் சிக்கல்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

ஏன் இப்படி?

கருவி அதேதான், கைகளும் அவையேதான். கருப்பையின் உட்சுவர்ப் புற்றில் பாதகம் செய்யாத முறை, அதன் வாயில் வரும் புற்றில் ஏன் பாதகம் செய்ய வேண்டும்? இதற்கு உறுதியான ஒற்றை விடை இன்னும் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் விரல் நீட்டும் இடங்கள் மூன்று.

முதலாவது, கருப்பையை அசைக்கும் கருவி. லேப்ராஸ்கோப்பியில் கருப்பையை இப்படியும் அப்படியும் தூக்கிப் பிடிக்க, யோனி வழியே ஒரு தண்டைச் செலுத்துவார்கள். அது கருப்பைவாய்க்குள், அதாவது கட்டிக்குள்ளேயே நுழைந்து செல்லும். உட்சுவர்ப் புற்றில் கட்டி கருப்பை என்ற தடித்த தசைப் பைக்குள் மூடிக் கிடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றிலோ கட்டி திறந்த முகப்பில் இருக்கிறது. அந்த அழுத்தம் செல்களைச் சிதறடிக்கலாம்.

இரண்டாவது, வயிற்றுக்குள் யோனியை வெட்டித் திறப்பது. திறந்த அறுவையில் கட்டிக்குக் கீழே யோனியை வளைந்த கிடுக்கியால் இறுக்கி மூடிவிட்டு, அதற்குக் கீழே வெட்டுவார்கள். அந்தக் கிடுக்கிக்கு இன்றும் வெர்ட்ஹைமின் பெயரே வழங்குகிறது. கட்டி வயிற்றுக்குள் முகம் காட்டவே வாய்ப்பில்லை. நுண்துளை அறுவையில் பெரும்பாலும் உள்ளிருந்தபடியே யோனியை வட்டமாக வெட்டுகிறார்கள். அப்போது கட்டி வயிற்றறைக்குள் திறந்து கிடக்கிறது. நோயாளியின் தலை தாழ்ந்தும் இடுப்பு உயர்ந்தும் இருப்பதால் அங்கிருந்து வழிவதெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும்.

மூன்றாவது, வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு. அதன் சுழற்சி செல்களைப் பரப்புகிறதா, வயிற்று உறையில் அவை ஒட்டிக்கொள்ள உதவுகிறதா என்ற ஐயம் ஆய்வகச் சோதனைகளிலிருந்து எழுந்தது. பெருங்குடல் புற்றிலும் இதே வாயுதான் பயன்படுகிறது என்பதால், இதை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது.

ஸ்பெயினின் லூயிஸ் சிவா ஒருங்கிணைத்து 2020இல் வெளியான சக்கர் ஆய்வு இந்த ஐயங்களுக்கு எடை சேர்த்தது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் 2013, 2014 ஆண்டுகளில் அறுவை செய்துகொண்ட 693 பெண்களின் பதிவுகள் அவை. நுண்துளையில் நோய் மீளும் அபாயம் சுமார் இரு மடங்கு. அசைக்கும் கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் அது 2.76 மடங்கு. கருவியைத் தவிர்த்தவர்களிடமும், வெட்டுவதற்கு முன் யோனியை மூடிக் கட்டியைப் பொதிந்தவர்களிடமும் விளைவு திறந்த அறுவைக்கு நெருக்கமாக இருந்தது.

ஜெர்மனியின் கிறிஸ்ட்ஹார்ட் கோலர் குழுவின் அனுபவமும் இங்கே எண்ணத்தக்கது. அவர்கள் முதலில் கீழிருந்து யோனியின் மேற்பகுதியைத் திரட்டித் தைத்துக் கட்டியை உள்ளே மூடிவிடுகிறார்கள். பிறகே லேப்ராஸ்கோப்பி. அசைக்கும் கருவியும் இல்லை. 389 பெண்களில் நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 95.8 சதவீதம். நூற்றாண்டுக்கு முன் வியன்னாவில் ஷௌட்டா யோனியைத் திரட்டி மூடிய அதே கொள்கை இது. புதிய முறை ஒன்றைச் சேர்க்கும்போது பழைய முறையின் எந்தப் படி உயிர்காத்தது என்று கேட்காமல் விட்டதே இங்கே நடந்த தவறாக இருக்கலாம்.

மறுதரப்பு என்ன சொல்கிறது?

எல்ஏசிசி முடிவை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மறுப்புகளில் கேட்கத்தக்கவை உண்டு.

பத்து அறுவை அனுபவம் போதாது. இதைக் கற்றுத் தேற இன்னும் பல அறுவைகள் வேண்டும் என்பது ஒரு மறுப்பு. ரோபோ பக்கத்தில் பெண்கள் மிகக் குறைவு என்பதால், ரோபோவைப் பற்றித் தனியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இன்னொன்று. திறந்த அறுவைப் பக்கத்தின் முடிவு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தரவுகள் இந்த மறுப்புகளுக்கு வலுச்சேர்த்தன. ஸ்வீடனில் 2011 முதல் 2017 வரை அறுவை செய்துகொண்ட 864 பெண்களில், ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் திறந்த அறுவையில் 92 சதவீதம், ரோபோவில் 94 சதவீதம். டென்மார்க்கின் நாடு தழுவிய பதிவேட்டிலும் ரோபோ வந்த பிறகு நோய் மீள்வது புள்ளியியல் அளவில் கூடவில்லை. அந்த நாடுகளில் இந்த அறுவையைச் சில மையங்களில் மட்டுமே செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மருத்துவரும் அதிகமாகச் செய்கிறார். கருவியைவிடக் கைப்பழக்கமே விளைவைத் தீர்மானிக்கிறது என்ற வாதம் அங்கிருந்து பிறக்கிறது.

இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. பதிவேட்டு ஆய்வுகளில் எந்தப் பெண்ணுக்கு எந்த அறுவை என்பதை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிறிய கட்டிகள் நுண்துளைப் பக்கம் போவது இயல்பு. குலுக்கல் முறையில் அந்தச் சாய்வு இல்லை. 2018க்கு முன்பு நம்மை ஏமாற்றியவையும் பதிவேட்டு ஆய்வுகள்தாம். எனவே சமநிலையான கணிப்பு இதுவாகத்தான் இருக்க முடியும்: தேர்ந்த மையத்தில், கட்டியைப் பொதிந்து, அசைக்கும் கருவியின்றிச் செய்தால் நுண்துளை அறுவை பாதுகாப்பாக இருக்கக்கூடும். அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

நிரூபிக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடன் மருத்துவர்கள் முன்னின்று தொடங்கிய ஆர்ஏசிசி ஆய்வு ரோபோ அறுவையைத் திறந்த அறுவையோடு குலுக்கல் முறையில் ஒப்பிடுகிறது. அமெரிக்காவில் ஆர்ஓசிசி என்ற ஆய்வு, கட்டியை முதலில் மூடிப் பொதிய வேண்டும் என்ற கட்டாயத்தோடு வடிவமைக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வுகளின் விடை வரும்வரை, அந்த வழி ஆய்வுக்கு உள்ளே இருப்பதே முறை.

இரண்டு சென்டிமீட்டருக்குள்: கேள்வியே மாறுகிறது

2018இல் நோய் நிலை வகைப்பாடும் திருத்தப்பட்டது. முன்பு நான்கு சென்டிமீட்டர் வரை ஒரே பிரிவாக இருந்ததை, இரண்டுக்குள் ஒன்று, இரண்டிலிருந்து நான்குவரை ஒன்று என்று பிரித்தார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டிகள் வேறு இயல்புடையவை என்பது தெளிவாகிக்கொண்டே வருகிறது.

கனடாவின் மாரி பிளான்ட் தலைமையிலான ஷேப் ஆய்வு 2024இல் வெளியானது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், ஆழமாக ஊடுருவாமல் இருந்த 700 பெண்கள். பாதிப் பேருக்கு விரிவான நீக்கம். பாதிப் பேருக்கு வழக்கமான எளிய கருப்பை நீக்கமும் நிணநீர்க் கணு ஆய்வும். மூன்றாண்டில் இடுப்பில் நோய் மீண்டவர்கள் விரிவான அறுவையில் 2.17 சதவீதம், எளிய அறுவையில் 2.52 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் தொல்லை, கட்டுப்பாடில்லாமல் கசியும் தொல்லை இரண்டும் எளிய அறுவையில் தெளிவாகக் குறைவு. சிறுநீர்ப்பை நரம்புகளைத் தொடாமல் விட்டதன் பலன் அது.

ஷேப் ஆய்வில் பெரும்பாலான அறுவைகள் நுண்துளை வழியேதான் நடந்தன. அதை வைத்து நுண்துளை சிறு கட்டிக்குப் பாதுகாப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆய்வு ஒப்பிட்டது அறுவையின் விரிவையே தவிர வழியை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று கருப்பைவாயை மட்டும் நீக்கிக்கொள்ளும் பெண்களைப் பற்றிய இர்ட்டா ஆய்வில் 646 பேர். நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் திறந்த வழியில் 94.3 சதவீதம், நுண்துளையில் 91.5 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியலில் உறுதிப்படவில்லை. இல்லை என்றும் உறுதிப்படவில்லை.

அறுவைக்கு முன்பே கருப்பைவாயிலிருந்து கூம்பு வடிவில் திசுவை வெட்டியெடுத்து, கட்டி முழுவதும் வெளியேறிவிட்ட பெண்களின் நிலை இன்னும் நம்பிக்கை தருகிறது. சிந்துவதற்குக் கட்டியே மிச்சமில்லை என்றால் நுண்துளையின் ஆபத்தும் குறையும் என்பது ஏற்கத்தக்க தர்க்கம். சிறு கட்டிகளுக்கு வருங்காலத்தில் நுண்துளை திரும்பி வரக்கூடிய வாசல் இதுதான்.

நமக்கு இதன் பொருள்

நம் ஊரில் ‘லேப்ராஸ்கோப்பி’, ‘ரோபோ’ என்ற சொற்களுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பெரிய மருத்துவமனை, பெரிய செலவு, ஆகவே பெரிய வைத்தியம் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. வயிற்றைக் கிழித்துச் செய்வதை ஏழைக்கான பழைய முறையாகப் பார்க்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் விஷயத்தில் இந்த எண்ணம் ஆபத்தானது. இன்று கைவசமுள்ள மிக வலுவான சான்று திறந்த அறுவையின் பக்கமே நிற்கிறது. அரசு மருத்துவமனையிலோ அறக்கட்டளைப் புற்றுநோய் மையத்திலோ பயிற்சிபெற்ற மருத்துவர் செய்யும் திறந்த அறுவைக்காக எந்தப் பெண்ணும் மனம் குன்ற வேண்டியதில்லை. ரோபோவுக்கென்று நகையை அடகு வைக்கவும் வேண்டியதில்லை.

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் நோயாளியும் குடும்பமும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எம்ஆர்ஐ ஸ்கேனில் அது கருப்பைவாயைத் தாண்டவில்லை என்று உறுதியாகிவிட்டதா? எந்த வழியில் செய்யப்போகிறீர்கள், ஏன்? நுண்துளை என்றால், கட்டி சிந்தாமல் இருக்க என்ன செய்வீர்கள்? இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்பவரா? 2018 ஆய்வைப் பற்றி நோயாளியிடம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முழுமையான ஒப்புதல் ஆகாது.

இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. வெள்ளைப்படுதல், உதிரப்போக்கு என்று வரும் பெண்ணுக்குக் கருப்பைவாயைச் சோதிக்காமலேயே கருப்பையை எடுத்துவிடுவதும், பிறகு திசு ஆய்வில் புற்று என்று தெரிவதும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு கதிர்வீச்சோ இரண்டாவது அறுவையோ தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. கருப்பையை எடுக்கும் முன் கருப்பைவாய்ப் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வழியில் அறுவை என்ற கேள்வியைக் கேட்கவே நோய் தொடக்க நிலையில் கையில் சிக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான பெண்கள் அந்த நிலையைத் தாண்டி, கதிர்வீச்சும் கீமோவும் மட்டுமே வழியென்ற கட்டத்தில் வருகிறார்கள். இதை மாற்ற முடியும் என்பதற்கான சான்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. கருப்பைவாயில் நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை, அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு கிராமப்புறப் பெண்களிடம் ஒரே ஒரு முறை நடத்தினார்கள். ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, நோய் வருவது 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. தடுப்பூசியும் இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது. 2030க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்று உலகச் சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது.

தொகுப்பாக

புதிய மாத்திரை ஒன்று கடைக்கு வரும் முன் ஆண்டுக்கணக்கில் சோதனைகளைத் தாண்ட வேண்டும். புதிய அறுவை முறைக்கு அப்படி ஒரு வாயிற்காவல் இல்லை. கருவிக்கு அனுமதி உண்டு. அந்தக் கருவியால் எந்த நோய்க்கு எந்த அறுவை என்பதற்குத் தனிச் சோதனை கட்டாயமில்லை. முதல் நுண்துளை விரிவான நீக்கத்துக்கும் முதல் பெரிய குலுக்கல் ஆய்வின் முடிவுக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த இடைவெளியில் அறுவை செய்துகொண்ட பெண்கள் சோதனையில் சேர்க்கப்படாமலேயே சோதனைக்கு உள்ளானார்கள். மெலமெட் குழு காட்டிய சரிவு அவர்களுடையது. தாங்களே நம்பிய முறையைச் சோதித்து, எதிரான முடிவு வந்ததும் மறைக்காமல் வெளியிட்ட ராமிரெஸ், ஓபர்மெய்ர் குழுவினரின் நேர்மைக்கு மருத்துவம் கடன்பட்டிருக்கிறது.

இன்றைய நிலையில் முடிவு இதுதான். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்குத் திறந்த அறுவையே முறை. அதிலிருந்து விலக வேண்டுமானால் அது ஆய்வின் பகுதியாக, நோயாளியின் முழு அறிவோடு நடக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்குள் என்றால் விரிவான அறுவையே தேவையா என்பதை முதலில் கேட்க வேண்டும். நுண்துளை வழியைத் தேர்ந்தெடுத்தால் கட்டியைப் பொதிந்து, அசைக்கும் கருவியைத் தவிர்த்துச் செய்ய வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். வீட்டிலுள்ள ஆண்கள் அவர்களை அழைத்துச் செல்லட்டும்.